முதலில் வந்த கடிதம்

1

போன வருடம் ஒரு சனிக்கிழமை காலை, சிட்னியில், பென்டில் ஹில்லில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் இருந்து இடியப்பத்துக்குச் சொதி ஊற்றிக்கொண்டிருந்தேன். என் மகள் அபி மடிக்கணினிக்கு மேலால் தலையை நீட்டி, சோவியத் ஒன்றியம் உங்களை ஏன் காசு வாங்காமல் சும்மா படிப்பித்தது என்று கேட்டாள். நாற்பது வருடமாக எனக்கே பதில் தெரியாத கேள்வி. சொதி கோப்பையைத் தாண்டி மேசையில் ஓடியது.

ஊரிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு விவரம் சொல்லிவிடுகிறேன். அபிக்கு இருபத்துமூன்று வயது. பல்கலைக்கழகத்தில் உலக அரசியல் படித்தாள். கன்பராவில் ஓர் அரசாங்கத் திணைக்களம் அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. என்ன வேலை என்று கேட்டால் 'அனலிஸ்ட்' என்பாள். எதை ஆராய்வாய் என்று கேட்டால், அது உள்ளே போன பிறகுதான் தெரியும் என்பாள். உள்ளே போவதற்குப் பாதுகாப்பு அனுமதி வேண்டும். அதற்கு ஒரு படிவம். எனக்குக் கல்யாணம் பேசியபோது என் மாமனார் என்னைப் பற்றி நாலு ஊரில் விசாரித்தார். அந்தப் படிவத்துக்குப் பக்கத்தில் மாமனார் ஒரு குழந்தை. பத்து வருடத்தில் இருந்த வீடுகள், போன நாடுகள், பழகிய வெளிநாட்டவர்கள், பெற்றோர் பிறந்த இடம், படித்த இடம், அவர்களுக்கு யார் காசு கொடுத்தார்கள், ஏன் கொடுத்தார்கள்.

அபி உண்மையைப் பேசுகிற பிள்ளை. இந்தக் குணம் எங்களில் யாரிடமிருந்து வந்தது என்று எனக்கும் மனைவிக்கும் இன்னும் தெரியாது. தகப்பன் மொஸ்கோவில் ஆறு வருடம் சோவியத் அரசாங்கத்தின் புலமைப்பரிசிலில் மின்பொறியியல் படித்தவர் என்று அவள் எழுதி அனுப்பியிருந்தாள். திணைக்களம் உடனே, இதைப் பற்றித் தகப்பனாரிடம் ஒரு பக்க விளக்கம் வாங்கித் தரவும் என்று கேட்டிருந்தது.

"ஒரு பக்கம்தான் அப்பா. பகிடி ஒண்டும் விடாதேங்கோ. பிளீஸ்."

எழுதித் தருகிறேன் என்றேன். எழுதுவதென்றால் எனக்குப் பிடிக்கும். பிரச்சினை, எழுத வேண்டியது என்னைப் பற்றி என்பதுதான்.

2

உண்மையான விளக்கம் மிகவும் சின்னது. பல்கலைக்கழகம் போக எனக்குச் சில புள்ளிகள் குறைந்துவிட்டன. யாழ்ப்பாணத்தில், எங்கள் ஊரில், சண்டை தொடங்கிவிட்டது. இளம் வயதுப் பெடியன் வீட்டில் இருந்தால் ஒன்றில் இராணுவம் கூட்டிக்கொண்டு போகும், அல்லது இயக்கங்களில் ஒன்று கூட்டிக்கொண்டு போகும். ஆகவே கொழும்புக்குப் போய், ஒரே கிழமையில், ஏழு நாளுக்குள், சோவியத் ஆட்களிடமும் அமெரிக்க ஆட்களிடமும் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பம் கொடுத்தேன். என் வகுப்பில் ஆறேழு பேர் அப்படித்தான் செய்தோம். உலகம் இரண்டாகப் பிரிந்திருக்கிறது என்று பத்திரிகைகளில் வாசித்திருந்தோம். எங்களுக்கு அது இரண்டு யன்னல் உள்ள தபாற்கந்தோர் மாதிரித் தெரிந்தது.

இரண்டுக்கும் நற்சான்றிதழ் எழுதித் தந்தவர் எங்கள் பள்ளிக்கூடத்தின் ஒரே அதிபர். ஒரே பின்னேரம், ஒரே தட்டச்சு. என் ஐயா சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருந்தார். சோவியத்துக்குப் போன கடிதத்தில், இம்மாணவனின் தந்தையார் தமது இரு கைகளால் உழைத்து வாழும் தொழிலாளி என்று இருந்தது. அமெரிக்காவுக்குப் போன கடிதத்தில், தந்தையார் எவருடைய தயவுமின்றிச் சொந்த முயற்சியால் ஒரு தனியார் நிறுவனத்தை நடத்தி வருபவர் என்று இருந்தது. அந்த நிறுவனத்தில் ஒரு காற்றடிக்கும் பம்பும், நட்டுக் கழற்றுகிற மூன்று சாவிகளும், தண்ணீர் நிரப்பிய ஒரு பழைய பேசினும் இருந்தன. ஐயாவிடம் இரண்டையும் வாசித்துக் காட்டினேன். இரண்டும் சரிதான், யார் சைக்கிளைக் கொண்டுவந்தாலும் ஒட்டுப்போட்டுக் கொடுக்கிறவன்தானே நான் என்றார்.

சோவியத் கடிதம் முதலில் வந்தது. போனேன். நான் விமானம் ஏறி ஒன்பதாம் நாள் அமெரிக்கக் கடிதம் வீட்டுக்கு வந்ததாக ஐயா எழுதியிருந்தார். நான் தொழிலாளி வர்க்கத்தின் பக்கம் சேர்ந்ததற்குக் காரணம் எங்கள் ஊர்த் தபால்காரர். அவர் சைக்கிளும் ஐயாவின் கடையில்தான் திருத்தப்பட்டது.

இதை எழுதியிருந்தால் அரைப் பக்கத்தில் முடிந்திருக்கும். ஆனால் ஓர் அரசாங்கத்துக்கு இவ்வளவு சாதாரணமான காரணத்தைக் கொடுப்பது மரியாதையில்லை என்று எனக்குப் பட்டது. ஆகவே நான் இரண்டாம் உலகப்போரிலிருந்து தொடங்கினேன்.

3

ஏழு பக்கம் வந்தது. என் வேலை லிஃப்ட் திருத்துவது. ஒரு கட்டடத்துக்கும் இன்னொரு கட்டடத்துக்கும் இடையில் வேனில் இருந்து எழுதினேன்.

போர் முடிகிற தறுவாயில், ஜேர்மனியில் ஓர் ஆற்றங்கரையில் கிழக்கிலிருந்து வந்த ருஷ்யச் சிப்பாய்களும் மேற்கிலிருந்து வந்த அமெரிக்கச் சிப்பாய்களும் சந்தித்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். படம் இருக்கிறது. எல்லாருடைய பல்லும் தெரிகிறது. மூன்று வருடம்தான். அதே நாட்டில் பேர்லின் நகரத்துக்குப் போகிற தெருக்களை ஒருவர் மறிக்க, மற்றவர் விமானத்தில் மாவும் நிலக்கரியும் கொண்டுபோய் இறக்கிக்கொண்டிருந்தார். இந்த மூன்று வருடத்துக்குள் என்ன நடந்தது?

மொஸ்கோவில் எங்களுக்கு இதைப் படிப்பித்தவர் நீனா பெத்ரோவ்னா. போரில் தாதியாக இருந்தவர். குளிரில் வலக்கையின் இரண்டு விரல்கள் போய்விட்டன. மீதி விரல்களால் சோக்கட்டியைப் பிடித்து எழுதுவார். அவர் சொன்ன கதை இப்படித் தொடங்கும்: எங்கள் சனம் கோடிக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தபோது அவர்கள் மேற்கில் இரண்டாவது போர்முனையைத் திறக்காமல் இழுத்தடித்தார்கள். பிறகு அணுகுண்டைப் போட்டார்கள். அது ஜப்பானுக்குப் போட்டது மட்டுமல்ல, எங்களுக்குக் காட்டியதும்தான். இனி ஒருவன் எங்கள் எல்லைக்குள் வராதிருக்க வேண்டுமென்றால், பக்கத்து நாடுகள் எங்கள் சொற்கேட்டு நடக்க வேண்டும். இதில் என்ன பிழை?

என் மச்சான் குகன், மனைவியின் தமையன், அமெரிக்கக் கடிதம் முதலில் வந்த ஆள். ஒஹாயோவில் படித்தவர். இப்போது சிட்னியிலேயே, மெரிலேண்ட்ஸில் இருக்கிறார். அவருடைய பேராசிரியர் சொன்ன கதை போலந்தில் தொடங்கும்: சுதந்திரமான தேர்தல் வைப்போம் என்று வாக்குக் கொடுத்தார்கள், வைக்கவில்லை. கிழக்கு ஐரோப்பாவை ஒவ்வொரு நாடாக விழுங்கினார்கள். மிஞ்சிய நாடுகளாவது எழும்பி நிற்கட்டும் என்று நாங்கள் காசு கொடுத்தோம். அதற்குப் பிறகு பாதுகாப்புக்காகப் படை ஒப்பந்தம் செய்தோம். இதில் என்ன பிழை?

நானும் குகனும் இருபது வருடமாக ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இதைப் பேசிச் சண்டை பிடித்திருக்கிறோம். ஏழு பக்கம் எழுதியபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. இரண்டு பேரின் கதையிலும் சம்பவங்கள் ஒன்றுதான். எதிலிருந்து தொடங்குவது என்பதில்தான் சண்டை. இவர் தன்னுடைய பயத்திலிருந்து தொடங்குகிறார். அவர் தன்னுடைய பயத்திலிருந்து தொடங்குகிறார். இவர் பயந்து செய்த காரியம் அவருக்கு வெருட்டலாகத் தெரிய, அவர் பயந்து ஒன்று செய்ய, அது இவருக்கு வெருட்டலாகத் தெரிய, இப்படியே போய் இரண்டு பேரும் உலகத்தைப் பல தரம் கொளுத்தக்கூடிய குண்டுகளோடு நித்திரையில்லாமல் இருந்திருக்கிறார்கள். இதை எழுதியபோது நான் பெரிய அறிஞன் என்று எனக்கே பட்டது. ஐந்து நிமிடத்தில் அது குழம்பிவிட்டது. ஏனென்றால் பயம் இரண்டு பக்கமும் உண்மை என்றால் பிழை யாருடையது? ஒருவருடையதும் இல்லை என்றால், செத்தவர்களுக்கு யார் பதில் சொல்வது?

ஒருநாள் நடந்ததைச் சொல்கிறேன். மாணவர் விடுதியில் என் அறையில் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த கரீம் இருந்தான். மத்தியானம் இருவரும் ருஷ்யர்கள் தந்த முட்டைக்கோவா சூப்பைக் குடித்தோம். பின்னேரம் அவனுக்கு வந்த கடிதத்தில், ருஷ்யர்கள் போட்ட குண்டில் அவனுடைய மாமாவின் வீடு போய்விட்டதாக எழுதியிருந்தது. வீட்டில் யார் இருந்தார்கள் என்பதையும் எழுதியிருந்தது. அடுத்த நாள் மத்தியானமும் அதே சூப். கரீம் வரிசையில் எனக்கு முன்னால் நின்று வாங்கினான், குடித்தான்.

ஆனால் ருஷ்யாவும் அமெரிக்காவும் முறைத்துக்கொண்டிராவிட்டால் எனக்குப் படிப்பு இல்லை. ஏழை நாட்டுப் பிள்ளைகளைத் தங்கள் பக்கம் இழுக்க வேண்டும் என்ற போட்டியில்தான் சைக்கிள் கடைக்காரரின் மகனைத் தேடி இரண்டு வல்லரசுகள் கடிதம் எழுதின. போட்டி முடிந்ததும் ஒருவரும் எழுதவில்லை. ஆகையால் உலக சமாதானம் வேண்டும் என்று யாராவது மேடையில் சொன்னால் நானும் கைதட்டுவேன், ஆனால் மற்றவர்கள் தட்டத் தொடங்கிய பிறகு.

4

அபி ஏழு பக்கத்தையும் வாசித்தாள். வாசித்து முடித்து, பக்கங்களை ஒன்றாக அடுக்கித் திருப்பித் தந்தாள்.

"ஸ்டாலினைப் பற்றி அவையளுக்குத் தெரியும் அப்பா. உங்களைப் பற்றித்தான் தெரியாது. இந்த ஏழு பக்கத்திலை நீங்க எங்க?"

"சூப் குடிக்கிற இடத்திலை நிக்கிறன்."

அவள் சிரிக்கவில்லை. எந்த மாதம் போனீர்கள், எந்த மாதம் வந்தீர்கள், அதற்குப் பிறகு எங்கே இருந்தீர்கள், அதை மட்டும் எழுதுங்கள் என்றாள். பிறகு, போகிறபோக்கில், நீங்கள் இந்த நாட்டுக்கு வந்தபோது கொடுத்த விவரங்களோடு எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், அதனால் திகதிகள் பிசகக்கூடாது என்றும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

நான் கதிரையில் அப்படியே இருந்தேன். மனைவி வந்து, என்ன, முகம் கறுத்துப் போச்சு, பிரஷர் குளிசை போட்டனீங்களா என்று கேட்டாள். ஓம் என்றேன். போடவில்லை.

ஒப்பிட்டுப் பார்த்தால் என்ன தெரியும் என்பதைச் சொல்ல, முப்பது வருடத்துக்கு மேலே பின்னால் போக வேண்டும். நான் இறுதிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது சோவியத் ஒன்றியம் இல்லாமற்போனது. பரீட்சையின் பெறுபேறு வந்தபோது, என்னைப் படிக்க அனுப்பிய நாட்டிலும் சண்டை, படிப்பித்த நாடே இல்லை. கொழும்புக்கு வந்து புதுக் கடவுச்சீட்டு எடுத்து, ஆங்கிலம் படிக்கிற மாணவனாக சிட்னிக்கு வந்து சேர்ந்தேன். திரும்பிப் போக முடியாத நிலை வந்ததும் அகதி விண்ணப்பம் கொடுக்க வேண்டியிருந்தது.

அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களின் படிவங்களை ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒருவர் நிரப்பிக் கொடுப்பார். ஊர்க் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்கக் கந்தோரில், முப்பது வருடம் எழுதுவினைஞராக இருந்தவர். எல்லாரும் அவரைக் கந்தோர் அங்கிள் என்போம். காசு வாங்கமாட்டார். ஆனால் அவர் சொல்வதைத்தான் எழுத வேண்டும். அரசாங்கத்துக்கு எழுதுகிற கடிதம் எளிமையாக இருக்க வேண்டும், வாசிக்கிற கிளார்க்குக்குக் கேள்வி வரக்கூடாது, கேள்வி வந்தால் கோப்பு மேசையில் கிடக்கும் என்பது அவருடைய கொள்கை. என் கதையைக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

"ருஷ்யாவை விடு, தம்பி. உவங்களுக்கு அந்தப் பேரைக் கேட்டாலே வயித்தைக் கலக்கும். உன்ர கொப்பருக்குக் கடை இருக்கெல்லே? அந்த ஆறு வருசமும் கடையிலை நிண்டனி எண்டு எழுதுவம்."

எழுதினார். ஊரில் நடந்ததாக எழுதியவை எல்லாம் உண்மை. ஊரில் நின்ற என் அண்ணனுக்குச் சண்டையில் நடந்தது உண்மை. நான் பயந்து வந்தது உண்மை. அந்த ஆறு வருடம் மட்டும் ஐயாவுக்கு உதவியாகச் சைக்கிள் திருத்தினேன். அந்தப் பெரியவர் எத்தனை பேருக்கு இப்படி எளிமையாக்கினாரோ தெரியாது. எங்கள் கோப்புகளை வரிசையாக வாசித்த அதிகாரி, யாழ்ப்பாணத்து இளைஞர்கள் எல்லாரும் தகப்பன்மாருக்குக் கடையில் உதவி செய்கிற தங்கமான பிள்ளைகள் என்று நினைத்திருப்பார்.

இந்த எளிமைக்கு நான் கொடுத்த விலை, என் பட்டச் சான்றிதழை இந்த நாட்டில் ஒருவருக்கும் காட்ட முடியாமற்போனது. சைக்கிள் கடையில் நின்றவனுக்கு மின்பொறியியல் பட்டம் எப்படி வரும்? ஆகவே தொழிற்பயிற்சிக் கல்லூரியில் பதினெட்டு வயதுப் பெடியன்களோடு முதலாம் வருடத்தில் சேர்ந்து, மின்சாரம் என்றால் என்ன என்று புதிதாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வகுப்பில் நான்தான் முதலாவது. ஆசிரியர் என்னை மேதை என்று நினைத்தார்.

மனைவிக்கு இது தெரியும். அபிக்கு மொஸ்கோப் பனியும் நீனா பெத்ரோவ்னாவும் தெரியும். படிவம் தெரியாது. பிள்ளைக்குச் சொல்கிற கதையில் அதை நான் எளிமையாக்கியிருந்தேன்.

5

இரண்டு நாள் ஒன்றும் சொல்லாமல் திரிந்தேன். மூன்றாம் நாள் பின்னேரம், அபி அப்போது சிட்னியில் பார்த்த தற்காலிக வேலை முடிந்து வந்து தேநீர் ஊற்றியபோது, அந்த மொஸ்கோ வரியை எடுத்துவிட ஏலாதா என்று கேட்டேன். பழைய கதைதானே, நாடே இப்போது இல்லை, யாருக்கு என்ன நட்டம் என்றேன். அவள் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பொய் சொல்கிற ஆளைக் கண்டுபிடிக்க அந்தத் திணைக்களம் இவளைத் தெரிந்தெடுத்தது சரிதான் என்று நினைத்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்ட்ராத்ஃபீல்ட், கந்தோர் அங்கிள், பேனா, கடை. இடையில் ஒரு பகிடியும் விட்டேன். பழக்கதோஷம்.

"டோன்ட்," என்றாள். "அப்ப, நான் அதை எடுத்தா நானும் பொய் சொன்ன ஆளாகிறன். உங்கட பொய்யை எனக்குத் தராதேங்கோ அப்பா."

"வேலை கிடைக்காமல் போனால்?"

"போகட்டும்."

நான்கு வருடம் அவள் அந்த வேலையை மனதில் வைத்துப் படித்தது எனக்குத் தெரியும். சோவியத் ஒன்றியம் எனக்குத் தந்த படிப்பு இந்த நாட்டில் எனக்கு உதவவில்லை. இப்போது மகளின் படிப்பையும் அது கெடுக்கப்போகிறது. அதுவும் நான் மறைத்த காரணத்தால்.

ஞாயிற்றுக்கிழமை குகனிடம் போனேன். மச்சான் கேட்டுவிட்டு முதலில் ஐந்து நிமிடம் வெற்றி கொண்டாடினார். அமெரிக்கக் கடிதத்துக்குப் பொறுத்திருந்தால் இந்தப் பாடு வந்திருக்குமா என்றார். நான் ஒன்பது நாள் பிந்திய கதையை மறுபடி சொன்னேன். அவர் தன் அமெரிக்க நன்மைகளை எல்லாம் அடுக்கினார். அடுக்கிக்கொண்டு போனவர் இடையில் நிறுத்தினார். நெற்றியைத் தடவினார்.

"மச்சான், உண்மையைச் சொல்லுறன். எனக்கும் படிவம் நிரப்பினது கந்தோர் அங்கிள்தான்."

"நீ அமெரிக்காவிலை படிச்சனி எண்டு எழுதினா என்ன? அவங்கள் இவங்கட கூட்டாளிதானே?"

"அமெரிக்காவிலை படிச்சவனுக்கு அகதி அந்தஸ்து என்னத்துக்கு எண்டு கேப்பாங்களாம். என்னையும் கடையிலை விட்டிட்டார். புடவைக்கடை."

இருபது வருடமாக இரண்டு வல்லரசுகளுக்கும் வக்காலத்து வாங்கிச் சண்டை பிடித்த இருவர், இந்த நாட்டின் கோப்புகளின்படி, ஒரே கடைத்தெருவில் வருடக்கணக்கில் நின்றவர்கள். இதைக் கேட்டு நாங்கள் சிரித்த சிரிப்பில் மச்சாளுக்குப் பயம் வந்து, குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். குகன் சிரிப்பு அடங்கியதும், அப்ப என்ன செய்யப்போறாய் என்று கேட்டார். தெரியாது என்றேன். அது உண்மைதான். சிரித்ததால் ஒன்றும் தெளியவில்லை.

6

பரமட்டாவில் ஒரு குடிவரவு ஆலோசகரிடம் போனேன். படிவத்தில் கொடுத்த பிழையான பதில்களைத் திருத்துவதற்கு ஒரு படிவம் இருக்கிறது என்றார். எனக்கு இந்த நாட்டின்மேல் பெரிய மதிப்பு வந்தது. அடுத்த நிமிடம், ஆனால் நீங்கள் இப்போது பிரஜை, பிரஜைகளுக்கு அந்தப் படிவம் இல்லை, கடிதமாக எழுதுங்கள் என்றார். என் பிரஜாவுரிமை போகுமா என்று கேட்டேன். போகாது என்று நினைப்பதாகச் சொன்னார். 'நினைக்கிறேன்' என்ற சொல்லுக்கும் சேர்த்துத்தான் அவருக்குக் கட்டணம் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து எழுதினேன். இந்த முறை ஒரு பக்கம். எங்கிருந்து தொடங்குவது என்றுதான் நெடுநேரம் இருந்தேன். கந்தோர் அங்கிளிலிருந்து தொடங்கினால் அவருடைய பிழை. ஊர்ச் சண்டையிலிருந்து தொடங்கினால் அரசாங்கத்தின் பிழை. இரண்டாம் உலகப்போர் என்றால் ஒருவருடைய பிழையும் இல்லை. கடைசியில், 'நான் ஒரு விவரத்தை மறைத்தேன்' என்று தொடங்கினேன். அதற்குப் பிறகு பேனா ஓடியது. ஒரு பிரதியைக் குடிவரவுத் திணைக்களத்துக்கும் மற்றதை அபியின் திணைக்களத்துக்கும் அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்து அபியின் திணைக்களத்திலிருந்து என்னை நேரில் வரச்சொன்னார்கள். சின்ன அறை. ஒரு பெண் அதிகாரி, அபியை விடப் பத்து வயது கூட இருக்கும். கம்பளிச் சட்டை போட்டிருந்தார். மரியாதையாகத்தான் பேசினார். மொஸ்கோவில் யாருடனாவது இன்னும் தொடர்பு இருக்கிறதா என்று கேட்டார். ஆசிரியை காலமாகிவிட்டார், கரீம் எங்கே என்று தெரியாது என்றேன். அந்த நாட்டுக்கு ஏதாவது விசுவாசம் இருக்கிறதா என்றார். விசுவாசமாக இருக்கலாம் என்று பார்த்தால் அந்த நாடு கடையைப் பூட்டிவிட்டது, மேடம் என்றேன். அவர் சிரிக்காமல் எழுதினார். என்னுடைய பகிடி ஒன்று அரசாங்கக் கோப்பில் நிரந்தரமாக இருப்பது இதுவே முதல் தடவை.

பிறகு, ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டார்.

நான் ஏழு பக்கத்துக்குத் தயாராகத்தான் போயிருந்தேன். ஆற்றங்கரை, போலந்து, பேர்லின் எல்லாம் நாக்கு நுனியில் நின்றன. "பயம்," என்றேன். ஆங்கிலத்தில்தான் சொன்னேன். ஒரு சொல். யாரைப் பார்த்துப் பயம் என்று கேட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, உங்களைப் பார்த்து என்றேன். அவர் பேனாவை நிறுத்தினார். என் பயம் அவருக்கு வெருட்டலாகத் தெரிந்துவிடுமோ என்று யோசித்தேன். அவர் தலையை மெதுவாக ஆட்டிவிட்டு எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. நான்கு மாதம் அதை நினைத்தே நித்திரை குழம்பியது.

வெளியே வந்தால், அபி வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வாசலில் நின்றாள். என்ன கேட்டார்கள் என்று கேட்கவில்லை. காரை அவளே ஓட்டினாள். வழியில், சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டாள்.

7

அந்த நான்கு மாதமும் தொலைக்காட்சிச் செய்தியை வேறு கண்ணால் பார்த்தேன். புதிய வல்லரசு, பழைய வல்லரசு, நீர்மூழ்கிக் கப்பல், தீவுகள். இந்த முறை பெரிய போர் முடிந்த பிறகு வந்த முறைப்பா, வரப்போகிற போருக்கு முன்னர் வருகிற முறைப்பா என்று பேசுகிறவர்களுக்கே தெரியவில்லை. என்னோடு லிஃப்ட் வேலை செய்கிற சியோனே டொங்கா தீவுக்காரர். தன் தங்கையின் மகளுக்கு இரண்டு நாடுகளிலிருந்து புலமைப்பரிசில் கடிதம் வந்திருக்கிறது, எதை எடுக்கச் சொல்லலாம் என்று என்னிடம் கேட்டார். உலகத்தில் இந்தக் கேள்விக்கு அனுபவமுள்ள ஆள் நான். ஒரு மணி நேரம் லிஃப்டின் மேல் நின்று யோசித்தேன். எதை எடுத்தாலும் அதைப் படிவங்களில் ஒளிக்க வேண்டாம் என்று சொன்னேன். சியோனே என்னை விநோதமாகப் பார்த்தார்.

அபிக்கு அனுமதி கிடைத்தது. மின்னஞ்சல் வந்தபோது அவள் ரயிலில் இருந்தாள். எனக்குத் தொலைபேசி எடுத்து, "அப்பா, ஓமாம்," என்றாள். பின்னால் ரயில் அறிவிப்பு கேட்டது. பழைய படிவத்தைத் திருத்தி நான் எழுதிய கடிதத்தைப் பற்றிக் குடிவரவுத் திணைக்களத்திலிருந்து இன்னும் ஒரு பதிலும் இல்லை. ஒரு மேசையில் கிடக்கிறது போலும்.

அவளைக் கன்பராவில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். மூன்றாவது கிழமை, ஞாயிறு பின்னேரம், அவளோடு பேசினேன். வேலை எப்படி என்று கேட்டேன். ஓகே என்றாள். என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று கேட்டேன்.

"அப்பா."

சரி, என்னுடைய பழைய ஆட்களையா பார்க்கிறாய், புது ஆட்களையா, அதையாவது சொல்லு என்றேன்.

"அப்பா."

அந்த ஒரு சொல்லில் ஒரு கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. நான் ஆறு வருடத்தை மறைத்ததற்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினேன். அவள் மறைத்தால் சம்பளம் கொடுக்கிறார்கள். பெருமைப்படுவதா, கவலைப்படுவதா என்று எனக்கு விளங்கவில்லை. இனி இருபது முப்பது வருடம் இவள் பகலெல்லாம் என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியவராது. வல்லரசுகள் முறைத்துக்கொள்கிற தூரத்தில் ஓர் ஓரத்தில் என் பிள்ளை இருக்கிறாள். எந்த ஓரம் என்று கேட்கக்கூடாது.

"சரி பிள்ளை. அப்ப எதைக் கேக்கலாம் எண்டு நீயே சொல்லு."

அவள் யோசித்தாள். "என்ன சமைச்சனான் எண்டு கேளுங்கோ."

"என்ன சமைச்சனி?"

"பருப்பு. அடிப்பிடிச்சிட்டுது."

எவ்வளவு தண்ணீர் விட்டாய், எந்தச் சட்டி, அடுப்பை எப்போது குறைத்தாய், தேங்காய்ப்பாலை எப்போது விட்டாய், அப்போது நீ எங்கே நின்றாய் என்று வரிசையாகக் கேட்டேன். முக்கால் மணி நேரம் பேசினோம். சட்டியைக் கழுவாமல் இரண்டு நாள் ஊறப்போட்டிருக்கிறது முதற்கொண்டு, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.